நின்று காண்போர்க்கும் காவல் வேண்டும்

காற்பந்தாட்டத்தை அமர்ந்து காண்பவர் சிலர். நின்று காண்பவர் பலர். நம் மலைநாட்டில் வாழ்வோர்க்கு இதனை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மூணாற்றில் 1941-ஆம் ஆண்டில் தொடங்கிய ஃபின்லே கேடயப் போட்டி, தேயிலைத் தோட்டங்களின் அணிகளுக்கிடையே நடைபெறும் பழம்பெரும் போட்டியாகும். கொழுந்து நிறுத்து முடித்த கையோடு மைதானத்திற்கு விரைந்து, எல்லைக்கோட்டின் ஓரத்திலும் மேட்டுச் சரிவிலும் தோளோடு தோள் நின்று ஆரவாரிப்பதே நம்மவர் வழக்கம். நாற்காலி கிடைக்கவில்லையே என்று எவரும் வருந்துவதில்லை. உழைக்கும் மக்களுக்கு இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் மகிழ்ச்சி வேறு அதிகமில்லை.

ஆயினும், அங்ஙனம் நிற்கும் இடம் காவலுடைய இடமா என்று நாம் எப்போதேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? பந்து எங்கே செல்கிறது என்று பார்க்கிறோம். நம் காலடியில் இருக்கும் பலகை எத்தனை பேரைத் தாங்கும் என்று பார்ப்பதில்லை. வாயில் வழியாக உள்ளே புகுகிறோம். அவசரம் நேர்ந்தால் எவ்வழியே வெளியேறுவது என்று கேட்பதில்லை. இவ்வினாக்களைக் கேட்கத் தவறிய நாடுகள் பெருவிலை கொடுத்திருக்கின்றன. அவற்றுள் காற்பந்தின் தாயகமான இங்கிலாந்தின் வரலாறு நாம் கருத்தூன்றிக் கற்கத்தக்கது. அந்நாட்டு இரசிகர்கள் நின்று காணும் உரிமையை ஒருகால் இழந்தனர். நெடுநாள் போராடி அதனைத் திரும்பப் பெற்றனர். நம் பிள்ளைகள் செல்சீ என்றும் லிவர்பூல் என்றும் தொலைக்காட்சியின் முன் பேசிக்கொள்ளும் அணிகளின் மைதானங்களிலேயே இவை நிகழ்ந்தன.

1989-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள். ஷெஃபீல்டு நகரத்து ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூல் அணியும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணியும் கோப்பைப் போட்டியின் அரையிறுதியில் மோதவிருந்தன. லிவர்பூல் இரசிகர்களுக்கு லெப்பிங்ஸ் லேன் என்னும் பக்கத்திலிருந்த நிற்குமிடப் படிகள் ஒதுக்கப்பட்டிருந்தன. அங்கு நின்று காணச் சீட்டுப் பெற்றிருந்தோர் 10,100 பேர்; அத்தனை பேரும் நுழைவதற்கிருந்த சுழல்கதவுகளோ ஏழே ஏழு. ஆட்டம் தொடங்கும் நேரம் நெருங்க நெருங்க வெளியே நெருக்கம் மிகுந்தது. அதனைத் தணிக்கக் காவலர் பெரிய வாயிலொன்றைத் திறந்துவிட்டனர். உள்ளே புகுந்த கூட்டம் தனக்கு நேரே தெரிந்த சுரங்கப்பாதை வழியாக நடுப்பகுதியை நோக்கி இறங்கிற்று. அந்த நடுப்பகுதி முன்னரே நிறைந்திருந்தது. இருபுறத்துப் பகுதிகளில் இடம் இருந்தும் அங்கே செல்லுமாறு வழிகாட்டுவார் இல்லை. முன்னே உயர்ந்த இரும்பு வேலி, பக்கங்களிலும் வேலி, பின்னேயோ இன்னும் வந்துகொண்டிருக்கும் மக்கள்.

அந்தக் கொடுமையில் மாண்டவர் தொகை 97. அன்று பட்ட காயத்தால் நெடுங்காலம் துன்புற்று 2021-இல் உயிர்நீத்தவரும் இத்தொகையுள் அடங்குவர். அவர்களுள் பெரும்பாலோர் காலடியில் மிதிபட்டு இறந்தவர் அல்லர். மார்பு விரிய இடமின்றி, நின்ற நிலையிலேயே மூச்சு முட்டி மாண்டவர் என்பது நெஞ்சை உலுக்கும் செய்தியாகும்.

இதனினும் கொடிய செயல் ஒன்று பின்னர் நடந்தது. குடித்துவிட்டு வந்த கூட்டமே இதற்குக் காரணம் என்று மாண்டவர்மீதே பழி சுமத்தப்பட்டது. செத்தவர் எழுந்து வந்து மறுமொழி கூறுவரோ? அவர்தம் தாய் தந்தையரும் உடன்பிறந்தாரும் அப்பழியைத் துடைக்கப் புறப்பட்டனர். 2012-இல் தனிக்குழுவொன்று பழைய ஆவணங்களை ஆராய்ந்து உண்மையை வெளிப்படுத்திற்று. 2016 ஏப்ரல் 26 அன்று விசாரணை மன்றத்து நடுவர் குழு, அன்று மாண்டோர் முறைகேடாக உயிர் பறிக்கப்பட்டனர் என்றும், இரசிகர்மீது குற்றமில்லை என்றும் தீர்ப்பளித்தது. இருபத்தேழு ஆண்டுகள் கழித்துக் கிடைத்த நீதி அது. விபத்து எங்கு நேர்ந்தாலும் கூட்டத்தின்மேல் பழி போட்டுவிட்டுக் கைகழுவும் வழக்கம் நம் நாட்டிலும் உண்டாகையால், இச்செய்தியை நாம் மறத்தலாகாது.

ஹில்ஸ்பரோ துயரத்தை விசாரித்த நீதிபதி டெய்லர் தம் இறுதி அறிக்கையை 1990 ஜனவரியில் அளித்தார். காவல்துறை கூட்டத்தை ஒழுங்குசெய்யத் தவறியதே தலையாய காரணம் என்று அவர் முதலறிக்கையிலேயே தெளிவாகக் கூறியிருந்தார். நின்று காண்பது இயல்பிலேயே ஆபத்தானது என்று அவர் சொல்லவில்லை. எனினும், எல்லாரும் அமர்ந்து காணும் அரங்குகளே மேலானவை என்று பரிந்துரைத்தார். அதன் பயனாக 1994 ஆகஸ்டு மாதத்திற்குள் இங்கிலாந்தின் மேல்தட்டு இரு பிரிவுகளின் மைதானங்கள் முழுவதும் இருக்கைகளாக மாற்றப்பட வேண்டும் என்னும் விதி பிறந்தது. கீழ்ப்பிரிவுகளுக்கு 1992-இல் விலக்களிக்கப்பட்டது. ஆகவே சிறிய மைதானங்களில் மக்கள் நின்று காண்பது தொடர்ந்தது. பெரிய மைதானங்களில் அது தடைப்பட்டது.

இருக்கைகள் வந்தன, அவற்றோடு புதுமைகளும் வந்தன. மைதானங்கள் தூய்மையாயின, குடும்பத்தோடு வருவோர் பெருகினர். இவை நல்லவையே. ஆனால் சீட்டின் விலையும் ஏறிற்று. ஹில்ஸ்பரோவில் நின்று காண 1989-இல் கொடுத்த விலை 6 பவுன். இன்று முதற்பிரிவு ஆட்டமொன்றைக் காண அதனைப் போல் பன்மடங்கு கொடுக்க வேண்டியிருக்கிறது. துறைமுகத் தொழிலாளியும் ஆலைத் தொழிலாளியும் தம் மகனைக் கைப்பிடித்து அழைத்துச் சென்ற இடம் மெல்ல மெல்ல அவர்கட்கு எட்டாததாயிற்று. விலையேற்றத்திற்கு இருக்கை ஒன்றே காரணம் என்று கூறுதல் நியாயமாகாது. ஆயினும் மலிவான நிற்குமிடம் போனதும் அதற்குத் துணைசெய்தது.

மற்றொரு விந்தையும் நிகழ்ந்தது. இருக்கை போட்டும் இரசிகர் அமரவில்லை! தம் அணிக்குக் குரல் கொடுப்போர் தொண்ணூறு நிமிடமும் இருக்கையின் முன்னே எழுந்தே நின்றனர். முழங்காலுயரம்கூட இல்லாத முன்வரிசை இருக்கையின் முதுகில் தடுக்கி, கோல் விழுந்த களிப்பில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து விழுந்தனர். நிற்றலைச் சட்டம் தடுத்ததேயன்றி நிற்போரைத் தடுக்க இயலவில்லை. காவலற்ற நிற்றலே அதனால் மிஞ்சிற்று.

இந்நிலையில்தான் இரசிகர் சங்கங்கள் ஒன்றுபட்டுக் காவலுடைய நிற்குமிடம் வேண்டும் என்னும் கிளர்ச்சியைத் தொடங்கின. பழைய படிமேடைகளைத் திரும்பக் கொடுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. ஜெர்மனி நாட்டில் பயன்பட்டு வந்த ஓர் அமைப்பை எடுத்துக்காட்டினர். அதில் ஒவ்வொரு வரிசைக்கும் இடுப்பளவு உயரத்தில் உறுதியான இரும்புக் கம்பி உண்டு. அக்கம்பியோடு மடக்கிப் பூட்டத்தக்க இருக்கையும் இணைந்திருக்கும். வேண்டும்போது அமரலாம், வேண்டும்போது கம்பியைப் பற்றி நிற்கலாம். இங்கிலாந்தில் ஒருவர்க்கு ஓரிடம் என்றே கணக்கு. சீட்டில் எண் உண்டு. பின்வரிசையார் சாய்ந்தாலும் கம்பி தாங்குமாதலால் முன்வரிசையார்மீது பாரம் இறங்காது. ஜெர்மனியின் டார்ட்மண்ட் மைதானத்துத் தென்புறத்தில் இன்றும் ஏறத்தாழ 25,000 பேர் நின்று ஆட்டம் காண்கின்றனர்.

இக்கிளர்ச்சிக்கு எழுந்த எதிர்ப்புகளுள் ஹில்ஸ்பரோவில் பிள்ளைகளை இழந்த குடும்பத்தாரிற் பலருடைய எதிர்ப்பே மிகக் கனமானது. அவர்தம் துயரத்தின் முன் எவர் வாதாட முடியும்? கிளர்ச்சி செய்தோர் அவர்களை இகழவில்லை, அவசரப்படுத்தவுமில்லை. சான்றுகளைத் திரட்டினர். ஸ்காட்லாந்தில் செல்டிக் மைதானம் 2016-இல் கம்பியிருக்கைகளை அமைத்தது. 2017-இல் லிவர்பூல் இரசிகர் சங்கமே வாக்கெடுப்பு நடத்திற்று. வாக்களித்தோரில் நூற்றுக்கு 88 பேர் இசைவளித்தனர். துயரத்தின் சுமையை நேரே தாங்கிய ஊரே இங்ஙனம் கூறியது கிளர்ச்சிக்கு வலிமை தந்தது. 2018-இல் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் கழகத்தின் விண்ணப்பத்தை அமைச்சர் மறுத்தார். உடனே நூறாயிரத்திற்கு மேற்பட்டோர் கையொப்பமிட்ட மனு நாடாளுமன்றத்தை எட்டியது. அங்கே விவாதமும் நடந்தது. அதே ஆண்டில் ஷ்ரூஸ்பரி என்னும் சிறுகழகம் இரசிகர்களிடம் பணம் திரட்டித் தன் மைதானத்தில் கம்பியிருக்கைகளை நிறுவிக் காட்டிற்று.

முடிவில் அரசு இணங்கிற்று. 2022 ஜனவரி 2 அன்று செல்சீ அணியும் லிவர்பூல் அணியும் ஆடிய ஆட்டத்தில், உரிமம் பெற்ற நிற்குமிடங்களில் இரசிகர்கள் சட்டப்படி நின்றனர். செல்சீயோடு கார்டிஃப், மான்செஸ்டரின் இரு கழகங்கள், டாட்டன்ஹாம் ஆகியவை முதலில் சோதனைக்கு முன்வந்தன. சோதனை நன்கு நடந்தபின், 2022-23 ஆட்டப் பருவத்திலிருந்து விதிகளை நிறைவேற்றும் பிற கழகங்களுக்கும் வழி திறக்கப்பட்டது. ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் மீண்ட உரிமை அது. அது பழைய கோலத்தில் மீளவில்லை. எண்ணிக்கையும் கம்பியும் உரிமமும் உடன்கொண்டு மீண்டது.

ஈண்டு, கூட்டத்தின் இயல்பைச் சற்று ஆராய்தல் நலம். நம் சித்திரபுரத்தார்க்குப் பள்ளிவாசல் மின்நிலையத்தை விட நல்ல பாடநூல் வேறில்லை. மலைமேல் அமைதியாகக் கிடக்கும் நீரே குழாய்க்குள் இறங்கும்போது சக்கரத்தைச் சுழற்றும் வலிமை பெறுகிறது. அந்த அழுத்தத்தைத் தாங்கக் கனத்த இரும்புக் குழாயும், வேண்டும்போது நீரை நிறுத்தும் கதவும் வேண்டும். மனிதக் கூட்டமும் அத்தகையதே. பின்னால் நிற்கும் ஒவ்வொருவரும் சிறிதே தள்ளினாலும், அத்தனை தள்ளுதலும் சேர்ந்து முன்னால் நிற்பவர் மார்பில் இறங்கும். பின்னால் இருப்பவர்க்கு முன்னால் நடப்பது தெரியாது. முன்னால் இருப்பவர் குரல் பின்னால் எட்டாது. ஆகவே கூட்டத்தைத் திட்டுவதால் பயனில்லை. பாரம் ஒருவர்மீது குவியாதபடி தடுக்கும் கம்பியும், அளவறிந்து மூடும் வாயிலுமே பயன்தருவன.

அளவு என்பது யாது? இங்கிலாந்தில் மைதானங்களின் காவலுக்கென வெளியிடப்பட்டுள்ள வழிகாட்டி நூல், மிக நல்ல நிலையிலுள்ள நிற்குமிடத்திலும் 10 சதுர மீட்டருக்கு 47 பேருக்கு மேல் நிறுத்தலாகாது என்கிறது. இதனை நம் வீட்டளவில் சொல்வதாயின், பத்தடிக்குப் பத்தடியுள்ள ஒரு லயத்து அறையில் ஏறத்தாழ 43 பேர் நிற்பதற்குச் சமம். இதுவே நெருக்கத்தின் உச்ச எல்லை. இடத்தின் நிலை குன்றினால் எண்ணிக்கையும் குறைய வேண்டும். எல்லை மீறினால் மனிதன் தன் காலால் நடப்பதில்லை. கூட்டம் அவனைச் சுமந்து செல்கிறது.

இனி நம் அண்டையில் நடந்தவற்றைக் காண்போம். பாலக்காட்டைச் சேர்ந்தவரும் கல்கத்தாவின் பெருங்கழகங்களில் ஆடிப் புகழ் பெற்றவருமான ஆர். தனராஜன், 2019 டிசம்பர் 29 அன்று பெரிந்தல்மண்ணையில் செவன்ஸ் என்னும் எழுவர் ஆட்டத்தில் ஆடிக்கொண்டிருக்கையில் மயங்கி விழுந்து உயிர்நீத்தார். அவர் குடும்பத்திற்கு நிதி திரட்ட 2020 ஜனவரி 19 அன்று பாலக்காட்டில், தமிழர் அக்கிரகாரத்தால் பெயர் பெற்ற நூரணியில், ஓர் ஆட்டம் ஏற்பாடாயிற்று. பைசுங் பூட்டியாவும் ஐ. எம். விஜயனும் அதற்கு வந்திருந்தனர். அந்த நற்செயலைக் காணத் திரண்டவர்களைத் தாங்கிய தற்காலிகக் கேலரி சரிந்தது; ஏறத்தாழ ஐம்பது பேர் காயமுற்றனர். ஒரு குடும்பத்தின் கண்ணீரைத் துடைக்கக் கூடிய இடத்திலேயே பல குடும்பங்கள் கண்ணீர் சிந்தின.

பாடம் கற்றோமா? 2022 மார்ச் 19 அன்று மலப்புறம் மாவட்டத்துப் பூங்கோட்டில் எழுவர் ஆட்டத்தின் இறுதிப் போட்டியன்று, கமுக மரத்தாலும் மூங்கிலாலும் கட்டிய கேலரி விழுந்தது. காயமுற்றோர் ஏறத்தாழ இருநூற்றுவர் எனச் செய்தித்தாள்கள் எழுதின. கொள்ளளவுக்கு மிஞ்சிய கூட்டம் ஏறியதும், முந்தைய நாட்களின் மழையால் பிடிமானம் தளர்ந்ததும் காரணங்களாகக் கூறப்பட்டன.

இவ்விரு விபத்துகளும் பார்வையாளர் அமர்வதற்கெனக் கட்டிய கேலரிகளிலேயே நேர்ந்தன என்பதை அன்பர்கள் உற்றுநோக்க வேண்டும். அமர்ந்தால் காவல், நின்றால் ஆபத்து என்னும் கணக்கு இங்கே பொய்த்துப்போகிறது. கல்கத்தா ஈடன் தோட்டத்தில் 1980 ஆகஸ்டு 16 அன்று மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் அணிகளின் ஆட்டத்தில் 16 பேர் மாண்டதும், இந்தோனேசியாவின் மலாங் நகரில் 2022 அக்டோபர் 1 அன்று கண்ணீர்ப்புகைக்கு அஞ்சி ஓடியவர்கள் வெளியேறும் வாயில்களில் நெரிந்து 135 பேர் மாண்டதும், பெங்களூரில் 2025 ஜூன் 4 அன்று கிரிக்கெட் மைதானத்து வாயில்களில் 11 பேர் மாண்டதும், அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று கரூரில் அரசியல் கூட்ட நெரிசலில் 41 பேர் மாண்டதும் நமக்கு உணர்த்துவது ஒன்றே. எண்ணப்படாத கூட்டமும், திறவாத வாயிலும், சோதிக்கப்படாத கட்டுமானமுமே உயிர்க்கொல்லிகள். நிற்பதும் அமர்வதும் அதற்கு அடுத்த பேச்சே.

இதற்கு மாறாக, சிலர் ஒரு நியாயம் பேசுவர். “ஊர்ப் பிள்ளைகள் நடத்தும் போட்டி, வரும்படி நோயாளிக்கும் பள்ளிக்கும் போகிறது, இங்கிலாந்தைப் போல் இரும்புக்கம்பி நாட்டப் பணம் ஏது?” என்பர். அவர்தம் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. எனினும் தருமம் செய்யும் கை, தருமத்திற்கு வந்தவனைக் காப்பதிலும் கண்ணாயிருத்தல் வேண்டும். மேலும், நாம் வேண்டுவனவற்றுள் பலவற்றிற்குப் பணமே தேவையில்லை. கேலரி எத்தனை பேரைத் தாங்குமோ அத்தனை சீட்டே அச்சிடுவதற்கு என்ன செலவு? சீட்டு தீர்ந்ததும் வாயிலை மூடுவதற்கு வேண்டியது உறுதி ஒன்றே.

ஆதலின் நம் வட்டாரத்தில் போட்டி நடத்தும் மன்றங்களையும் தோட்ட நிர்வாகத்தையும் பஞ்சாயத்தையும் நாம் பணிவோடும் உறுதியோடும் கேட்க வேண்டியவை இவை. முதலாவது, தற்காலிகக் கேலரி கட்டினால் தகுதிபெற்ற பொறியாளர் ஒருவர் அதனைப் பார்வையிட்டு, தாங்கும் எண்ணிக்கையை எழுத்தில் தர வேண்டும். அவ்வெண்ணிக்கை வாயிலில் எல்லாரும் காணும்படி எழுதப்பட வேண்டும். இரண்டாவது, மழை பெய்தால் மறுநாள் ஆட்டத்திற்கு முன் மீண்டும் சோதிக்க வேண்டும். நம் மலையில் மழைக்குச் சொல்லவா வேண்டும்? மூன்றாவது, வெளியேறும் வழிகள் இரண்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஆட்டம் முடியும்வரை அவை பூட்டப்படலாகாது. நான்காவது, சரிவில் நிற்போர்க்குப் படி வெட்டி, சில வரிசைக்கு ஒரு தடுப்புக்கம்பியேனும் நாட்ட வேண்டும். சரிவின் அடிவாரத்தில் தாண்ட இயலாத வேலி இருத்தலாகாது. ஐந்தாவது, கூட்டத்தில் நிற்க இயலாத முதியோர்க்கும் பெண்டிர்க்கும் சிறுவர்க்கும் தனியிடம் ஒதுக்க வேண்டும். மருத்துவ உதவியும் வண்டியும் அருகில் நிற்க வேண்டும்.

கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. சீட்டின்றி வேலி தாண்டுவதும், நிறைந்த கேலரியில் “இன்னும் ஒருவர்தானே” என்று ஏறுவதும், மரக்கிளையிலும் கூரையிலும் தொற்றுவதும் வீரமல்ல என்பதை நம் இளைஞர்க்கு எடுத்துரைக்க வேண்டும். பிழைப்புத் தேடி வந்த மண்ணில் ஒரு குடும்பத்தின் சம்பாத்தியக் கை முறிந்தால் அவ்வீட்டு அடுப்பு எரியாது என்பதை நாம் நன்கறிவோம். வீட்டிலிருந்து பிள்ளை ஆட்டம் காணப் புறப்படும்போது, எங்கே நிற்கப்போகிறாய் என்று தாய் ஒரு சொல் கேட்பதும் காவலே.

இங்கிலாந்து இரசிகர்கள் நமக்குக் காட்டிய நெறி இது. உரிமையைக் கேட்டனர், உடனே பொறுப்பையும் ஏற்றனர். மாண்டோரை மறவாமல், அவர் சுற்றத்தாரை இகழாமல், கல்லெறியாமல், கையொப்பத்தாலும் சான்றாலும் பொறுமையாலும் வென்றனர். நம் கோரிக்கையோ அவர்களுடையதைக் காட்டிலும் எளிது. சட்டம் மாற வேண்டுவதில்லை; மனம் மாறினால் போதும். அடுத்த போட்டிக்குக் கால்கோள் நாட்டுமுன் சங்கத்தார் ஒன்றுகூடி, மேற்கூறிய ஐந்தினையும் மனுவாக எழுதி, குடும்பத்திற்கு ஒருவர் கையொப்பமிட்டு அளிப்போமாக. ஆட்டத்தில் எந்த அணியேனும் வெல்லட்டும். காணச் சென்றவர் அனைவரும் நலமே வீடு திரும்பட்டும்.